குழுவில் நான் எழுதிய மறுப்பு

கார் கழுவும் கடையில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர் பிள்ளை பிடிக்கிறார் என்று, மலேசியாவின் உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. சிலர் அவரை அடிக்கக் கிளம்பினார்கள். நான் தேடிப் பார்த்தேன். அது வேறு நாட்டில் எடுத்த பழைய காணொளி. அதைக் குழுவில் எழுதினேன்.

கிளம்பியவர்கள் நின்றார்கள். ஆனால் எல்லார் முன்னும் அவர்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று கோபம் என்மேல் திரும்பியது. கணவர் இறந்தபின் தனியாக இருக்கும் எனக்கு அந்தக் குழுதான் துணை. கோயிலில்கூட யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

ஒரு மாலை, காணொளியை அனுப்பிய சாந்தி அக்கா வாசலில் நின்றார்.

"எல்லார் முன்னாடியும் நீ அப்படிப் போட்டது எனக்கு இன்னும் பிடிக்கல லா. ஆனா நானும் தேடிப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. குழுவுலயும் சொல்லிட்டேன்."

"உள்ள வாங்கக்கா" என்றேன். கதவை அகலத் திறந்தேன்.

மற்றவர்கள் இன்னும் பேசுவதில்லை. என்மேல் வருத்தம் இருந்தவர்தான் என் வீடு தேடி வந்தார்.