கண்ணாஸ்பத்திரியின் மஞ்சள் வேலி

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளைக் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எந்நேரமும் ஒரு சின்னக் கத்தரிக்கோலைச் செருகியிருப்பாள். சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி விழிப்பார். கத்தரியக்கா எங்கே என்றால், "வேலிக்கிட்ட பாருங்க" என்று உடனே கையை நீட்டுவார்.

வேலி என்றால் முள்வேலி இல்லை. ஆபரேஷன் வார்டின் ஜன்னல்களுக்கு வெளியே எழுபதடி நீளத்துக்கு இடுப்புயரமாக நின்ற மஞ்சள் டெய்சிச் செடிகள். சீப்பின் பல்லைப் போலப் பிளந்த, சாம்பல் பூத்த பச்சை இலை. வெயிலோ மழையோ, மொத்தமாக உதிர்ந்து மொட்டையாக நிற்பது என்பதே அந்தச் செடிக்குக் கிடையாது. அதற்கு மேலே மெல்லிய காம்புகளில் மஞ்சளோ மஞ்சள் என்று பூக்கள். பூக்கிற காலத்தில் வெளியே பார்த்தால் கண் கூசும். அத்தனை செடியும் ஒரே ஒரு தாய்ச்செடியின் பிள்ளைகள்.

அந்தத் தாய்ச்செடி குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. அப்போது அவள் வார்டு பெருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போன நோயாளி ஒருவர், யாரோ பரிசாகக் கொண்டுவந்த தொட்டியைக் கட்டிலடியிலேயே விட்டுப் போய்விட்டார். ஜிகினாக் காகிதம் சுற்றிய தொட்டி. காகிதத்துக்குள் தண்ணீர் தேங்கி நாறிக்கொண்டிருந்தது. செடி தலை தொங்கிக் கிடந்தது.

"செத்ததைத் தூக்கிட்டு எங்கடி போற?" என்றாள் துணி வெளுக்கும் சலவையம்மா.

"சாகலை. மூச்சு முட்டுது, அவ்வளவுதான்."

காகிதத்தைக் கிழித்து, தண்ணீரை வடித்து, சலவைக்கூடத்துக்குப் பின்னால் நல்ல வெயிலில் வைத்தாள். பத்து நாள் ஒரு சொட்டு ஊற்றவில்லை. செடி எழுந்து நின்றது.

அதற்கப்புறம் அவளுக்கு அதுவே பைத்தியமாகிவிட்டது. பூத்து ஓய்ந்ததும் நுனித்தண்டை விரல் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளை உருவிவிட்டு, மணலில் குத்தி வைத்தாள். முதலில் வைத்த பன்னிரண்டில் ஒன்பது அழுகிப்போயின. பாசம் பொங்கி மூன்று வேளையும் நீர் தெளித்ததன் பலன். மூன்று பிழைத்தன. அடுத்த முறை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பதினெட்டு வேர்விட்டன.

ஜன்னலோரம் கட்டட வேலையில் மிஞ்சிய செங்கல் தூளும் ஜல்லியுமாகக் கிடந்தது. புல்கூட முளைக்காத இடம். அதைக் கேட்டபோது ஆபீஸ் மேனேஜர் சிரித்துவிட்டு, "தாராளமா வெச்சுக்கோ" என்றார். நீர் தேங்காத அந்த இடம்தான் செடிக்கு வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் வருஷம் பெருக்குகிற வேலையிலிருந்து எடுத்து அவளைத் தோட்டத்துக்கே போட்டார்கள். வாடிய பூவைக் கிள்ளுவது, அசுவினிப் பூச்சி ஒட்டிய கொழுந்தைச் சோப்புத் தண்ணீரால் துடைப்பது, பூ ஓய்ந்ததும் நுனிகளைப் பக்குவமாக வெட்டிக் கவாத்துச் செய்வது. இப்படியே பதினோரு வருஷம் ஓடிப்போனது.

கட்டுப் பிரிக்கிற நாளில் பெரிய டாக்டர் ஒவ்வொரு நோயாளியையும் ஜன்னல் பக்கம் திருப்பி உட்கார வைப்பார். "வெளிய என்ன கலர் தெரியுது?"

"மஞ்சள்" என்பார்கள். சிலர் அழுவார்கள். வெளியே குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருக்கும் அவளுக்கு அது கேட்கும். ஒருமுறை ஒரு பெரியவர், "மஞ்சப் பூ தெரியுது. பக்கத்துல ஒரு அம்மா பூச்சியைக் கண்டபடி திட்டிட்டிருக்கு" என்றார். டாக்டர், "கண்ணும் தேவலை, காதும் தேவலை, வீட்டுக்குப் போகலாம்" என்றார். வார்டே சிரித்தது. அவள் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா காதில் வாங்கவில்லை. அம்மாவின் கவலையெல்லாம் தம்பியைப் பற்றியது.

அப்பா போனபோது அவளுக்குப் பதினான்கு வயது, தம்பிக்கு ஐந்து. அவள் படிப்பை நிறுத்தினாள். அவன் டிப்ளமோ வரை படித்தான். அவளுக்கு வந்த இரண்டு வரன்களும், தம்பி தலையெடுக்கட்டும் என்று தள்ளிப்போட்டதில் திரும்பிப் போயின. தம்பி தலையெடுத்தான். கல்யாணமும் செய்துகொண்டான். ஆனால் எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. எல்லா இடத்திலும் மேலே இருப்பவனுக்கு மூளை இல்லை என்பான்.

"உன் ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாய் முத்தா உதிர்ந்துடும்?" என்று அம்மா தினமும் அரித்தாள்.

அவள் போய் மேனேஜரிடம் நின்றாள். தம்பி தோட்ட உதவியாளாகச் சேர்ந்தான். மண்ணில் கை வைக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் படம் எடுக்கத் தெரியும், கம்ப்யூட்டரில் அறிக்கை தயார் செய்யத் தெரியும். மேனேஜருக்கு அது போதும். ஒரே வருஷத்தில் அவன் தோட்டத்துக்குச் சூப்பர்வைசர் ஆனான். அவளுக்கும் சேர்த்துத்தான்.

அன்றைக்கு அவள் வார்டு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். மறுநாள் அவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லார் முன்னாடியும் வாடா போடான்னு சொல்லாதக்கா. ஒரு மரியாதை வேணும்ல?" என்றான். நியாயம்தானே என்று அவளும் தலையாட்டினாள். யார் எப்போது தண்ணீர் விட்டது என்று எழுத ஒரு நோட்டுப் போட்டான். எழுதுவது அவன், கையெழுத்து அவள். தம்பி எழுதியதுதானே என்று அவள் ஒரு நாளும் படித்துப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியின் வெள்ளிவிழாவுக்குப் பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. தம்பி எங்கோ ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பெட்டி போல மட்டமாக வெட்டிய வேலி. கூடவே மோட்டார் வைத்த வெட்டு மெஷினும் வந்தது.

"முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமா இழுத்துடலாம்" என்றான்.

"அவ்வளவு கீழே போகாதேப்பா. இலை இருக்கற இடத்துக்கு மேலதான் வெட்டணும். உள்ளே இருக்கறது கிழட்டுக் கட்டை. அதுல வெட்டினா துளிர்க்காது."

"வெட்டினா வளராத செடி உண்டா? தலைமுடி மாதிரிதான்."

"இது தலைமுடி இல்ல. நான் பதினோரு வருஷமா..."

"அதான் பதினோரு வருஷமா ஒரே மாதிரி இருக்கு" என்றான். பின்கட்டில் தொட்டிகளைக் கழுவச் சொல்லி அவளை அனுப்பினான்.

மெஷின் சத்தம் அங்கேவரை கேட்டது. அவள் கையில் இருந்த தொட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். மதியம் வந்து பார்த்தபோது எழுபதடிக்கும் சாம்பல் நிறக் குச்சிகள்தான் நின்றன. ஓர் இலை இல்லை. பூவோடு வெட்டிய தழையைச் சலவையம்மா கூட்டிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கூட்டினாள்.

பத்து நாளாகியும் துளிர் வரவில்லை. தம்பிக்கு உதறல் எடுத்தது. காலையும் மாலையும் ஹோஸைத் திறந்துவிட்டான். அவள் குழாயை மூடுவாள். அவன் வந்து திறப்பான். "கும்பிட்டுக் கேக்கறேன், வேர் அழுகிடும்" என்றாள். "நீ சும்மா இருந்தாலே பாதி உயிர் வரும்" என்றான். இலையில்லாத செடி அவ்வளவு தண்ணீரைக் குடிப்பது எப்படி? மூன்றாம் வாரம் ஒரு செடியை இழுத்துப் பார்த்தாள். பிடிமானமே இல்லாமல் கையோடு வந்தது. வேர் கறுத்து, கொழகொழவென்று நாறியது.

விழாவுக்கு நான்கு நாள் முன்னால் பெரிய டாக்டர் ஓர் அம்மாளின் கட்டைப் பிரித்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "காஞ்ச குச்சிதான் தெரியுது டாக்டர். ஆபரேஷன் சரியா ஆகலையா?" என்று அழ ஆரம்பித்தாள். டாக்டர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அக்காவும் தம்பியும் மேனேஜர் அறையில் நின்றார்கள்.

"யார் பண்ணினது?" என்றார் மேனேஜர்.

அவள் தம்பியைப் பார்த்தாள். அவனே சொல்லிவிடுவான், சொன்னதும் தான் முன்னால் போய், "சின்னவன், தெரியாமல் செய்துவிட்டான்" என்று கெஞ்சலாம் என்று நினைத்தாள். அதற்கான வார்த்தைகளைக்கூட மனதில் சேர்த்து வைத்திருந்தாள்.

"வழக்கமான கவாத்துதான் சார் பண்ணினோம். அப்புறம் அக்காதான் துளிர்க்கணும்னு ரெண்டு வேளை தண்ணி ஊத்திட்டாங்க. எவ்வளவோ சொன்னேன். செடின்னா அவங்களுக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்றான் தம்பி. நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். காலை, மாலை, காலை, மாலை. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அவள் கையெழுத்து.

"இது உன் கையெழுத்துதானே?"

தம்பி பெண்டாட்டிக்கு எட்டு மாதம். அந்த நினைப்பு ஒருபக்கம். உண்மையில் அதைவிட, அவன் தரையைப் பார்க்கவில்லையே, நேராக மேனேஜர் முகத்தைப் பார்த்துப் பேசுகிறானே என்ற திகைப்புத்தான் அவளை அடைத்துப் போட்டது. "என்னுதுதான்" என்றாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "போனது போகட்டும். அவன் பிள்ளைகுட்டிக்காரன் ஆகப் போறான். உனக்கென்ன, ஒண்டிக்கட்டை. எங்க போனாலும் ஒரு கவளம் கிடைக்கும்" என்றாள்.

"அம்மா, அவன் பொய் சொன்னான்மா."

"நீ உண்மையைச் சொல்லி அவன் வேலை போயிருந்தா உனக்குச் சந்தோஷமா இருந்திருக்குமா?"

அந்த வாரமே அவள் இரண்டு பைகளோடு வெளியேறினாள். யாரும் தடுக்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை. செடி விற்கும் நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்பும் வேலை. முதலாளி நல்ல மாதிரி. அவள் கைராசியைக் கண்டு, கன்று போடும் பொறுப்பையும் தந்தார். மஞ்சள் டெய்சியும் அங்கே இருந்தது. அவள் அதையும் மற்றச் செடிகளைப் போலவே பார்த்துக்கொண்டாள். கூடுதலாக ஒரு நிமிஷம் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தம்பி ஆஸ்பத்திரி வண்டியில் வந்து இறங்கினான். அதே செடி எழுபது வேண்டுமாம். அவள் அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. முதலாளி, "எப்படி வளக்கறதுன்னு இவருக்குச் சொல்லிக் குடும்மா" என்று அவளைக் கூப்பிட்டார்.

அவள் சொன்னாள். நாள் முழுக்க வெயில் படணும். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பூ ஓய்ந்ததும் நுனியைக் குறைக்கணும், பச்சை இருக்கும் இடத்தைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றையும் அவன் போனில் குறித்துக்கொண்டான். முதலாளி நகர்ந்ததும், "அக்கா, ஒருவாட்டி வந்து நட்டுக் குடுத்துட்டுப் போயேன்" என்றான்.

"எனக்கு இங்க வேலை இருக்கு."

"அம்மா உன்னையே கேட்டுட்டிருக்கா. பொண்ணு பொறந்திருக்கா, உன் ஜாடை."

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாளா அம்மா?"

"ம்."

"சரி" என்றாள். கன்றுகளை வண்டியில் ஏற்ற உதவினாள். டிரைவர் ஹாரன் அடிக்கவும் அவன் ஏறிக்கொண்டான்.

வேலி நன்றாகப் பிடித்துக்கொண்டதாகச் சலவையம்மா ஒருநாள் சந்தையில் பார்த்துச் சொன்னாள். பூக்கவும் ஆரம்பித்துவிட்டதாம். வெயில், தண்ணீர், கவாத்து என்று தம்பி வரிசையாகச் சொல்லச் சொல்ல, தோட்டத்தில் அவனுக்கு எவ்வளவு அறிவு என்று டாக்டரே மெச்சினாராம். "ஒரு நடை வந்து பாரேன்" என்றாள்.

அவள் போகவில்லை. நர்சரிக்குப் போகும் நேர் பஸ் அந்த ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் போகிறது. அவள் அதில் ஏறுவதில்லை. சுற்றிப் போகும் பஸ்ஸுக்காகத் தினமும் முக்கால் மணி நேரம் நிற்கிறாள்.