அசனத்துக்கு வைத்த அரிசி

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மலாயாவின் ரெங்கத்தில் ரயிலேறினேன். சிகாமட்டுக்கு மூன்றாம் வகுப்பில் டிக்கெட் ஒன்றரை வெள்ளி. ரப்பர் விலை விழுந்தபின் ஆள் குறைப்பில் நான் வெளியேறும் மூன்றாவது தோட்டம் ரெங்கத்தில் இருந்தது. சிகாமட்டில் மரம் அறுக்கும் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். யாரோ சொன்னதை நம்பிப் புறப்படுவது எனக்குப் பழக்கம்.

டிசம்பர் மழை. குளுவாங் தாண்டியதும் ரப்பர் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. சிகாமட்டுக்கு ஐந்து மைல் இருக்கையில் வண்டி நின்றது. முன்னால் தண்டவாளத்தின் மேல் ஆறு ஓடுகிறது, பின்னால் தண்டவாளக் கரை அரித்துப்போய்விட்டது என்றார் கார்டு. மலாய்க் குடும்பங்கள், சீன வியாபாரிகள், தமிழர்கள் என்று அறுபது பேர் இருப்போம். நண்பகல் வரை பார்த்துவிட்டு, மேட்டில் தெரிந்த தோட்டத்துக் கூலிகளின் லயத்து வீடுகளை நோக்கி நனைந்தபடி நடந்தோம்.

லயத்தில் இருபது குடும்பங்கள். அவர்கள் நிலைமையும் நல்லதாக இல்லை. தோட்டத்தை மூடப் போகிறார்கள். வருடம் பிறந்ததும் எல்லோரையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புவதாகத் துரை சொல்லிவிட்டாராம். அரிசி லாரியும் வெள்ளத்தால் வரவில்லை. மறுநாளைக்கு யார் வீட்டிலும் அரிசி இல்லை.

பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். லயத்துக் கோடியில் அத்தாப்பு ஓலை வேய்ந்த சிறு கோயில் கட்டியிருந்தார்கள். அதன் சாவி பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டும் ஞானம்மாளிடம் இருந்தது. உள்ளே மூன்று மண்ணெண்ணெய்த் தகரங்கள். உலை வைக்கும் முன் ஒவ்வொரு பெண்ணும் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைப்பாள். அப்படிச் சேர்ந்ததுதான் அவற்றில் இருந்தது. கிறிஸ்மஸ் அன்று அதைப் பொங்கி, சாதி மதம் பாராமல் லயமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அதற்கு அசனம் என்று பெயர். அரை வயிற்றுக் காலத்திலும் அவர்கள் பிடியரிசியை நிறுத்தவில்லை, பிடிதான் சிறுத்ததாம்.

ஞானம்மாள் வாசலில் நின்று எங்கள் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கோயிலைத் திறந்து மூன்று தகரங்களையும் வெளியே இழுத்தார்.

கங்காணி முனியப்பன் ஓடிவந்து மறித்தார். அவர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். "அக்கா, என்னா செய்றீங்க? நம்ம ஆளுங்க மட்டும்னா மூணு நாளு ஓட்டலாம். இந்தக் கூட்டத்துக்குப் போட்டா ஒரு வேளையில காலி. பாதியாச்சும் வைங்க."

"இது நம்ம அரிசி இல்ல, கங்காணி. தகரத்துல போட்ட அன்னைக்கே கர்த்தருக்கு ஆயிட்டு. அவரு அரிசி, அவரு விருந்தாளி. நடுவுல நான் ஆரு?"

"நாளைக்கு உங்க கர்த்தரு வந்து படியளப்பாரா?"

"நேத்து வரைக்கும் தொரையா அளந்தாரு?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சிரிக்கவில்லை. ஞானம்மாள் அவளைப் பார்த்தார். "எனக்கும் பயந்தான், மேரி," என்றார். "பயந்துட்டே போடுவோம்." முதல் தகரத்தை மேரிதான் கவிழ்த்தாள்.

கோயிலுக்குள்ளேயே பாய் விரித்தார்கள். சோறும் பருப்பும். அந்த வேதத்தில் பிறந்தும் பல காலமாகக் கோயில் வாசல் மிதிக்காதவன் நான். பக்கத்தில் இருந்த சீன வியாபாரி மலாயில், "இவர்கள் யார்?" என்று கேட்டார். "என் சனம்," என்றேன். அவர்களில் ஒருவரையும் எனக்கு முன்பின் தெரியாது.

புதன்கிழமை அரிசி வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு தோண்டினோம். மலாய்க்காரர்கள் வெள்ளம் புகுந்த கால்வாயில் இடுப்பில் கட்டும் சாரங்களை வலையாகப் பிடித்து, கூடை கூடையாக மீன் கொண்டுவந்தார்கள்.

"அக்கா, உங்க கர்த்தரு மீனால்ல அளந்துட்டாரு!" என்றார் கங்காணி.

"முள்ளப் பாத்துத் தின்னும்," என்றார் ஞானம்மாள்.

வியாழன் காலை சம்பான் படகில் அரிசி வந்தது. குடும்பத்துக்கு வழக்கத்தில் பாதி. தோட்டம் மூடுவதில் மாற்றமில்லை என்ற சேதியும் கூடவே வந்தது. ஞானம்மாள் தம் பங்கை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனார். காலித் தகரத்தில் ஒரு பிடி அரிசி விழுந்த சத்தம் வெளியே கேட்டது. பின்னால் மேரி போனாள். மற்றப் பெண்களும் போனார்கள். கடைசியில் கங்காணியும் தம் முறத்தோடு வந்து, பெரிய கையால் ஒரு பிடி போட்டார்.

"உங்க சாமிக்கு இல்லக்கா," என்றார். "அடுத்த ரயிலு நிக்கும்ல, அதுக்கு."

தண்ணீர் வடிந்த தண்டவாளத்தின் மேல் நடந்து நண்பகலில் சிகாமட் சேர்ந்தேன். மரப் பட்டறை பூட்டிக் கிடந்தது. எதிர்க் காப்பிக் கடையில், "எந்த ஊருண்ணே?" என்று கேட்டார்கள். வழக்கமாக வாயில் வந்த ஊரைச் சொல்வேன். அன்று அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.