ஒரு நாள் குடித்தனம்

என் கொழுந்தன் ஏமாற்றுக்காரர். அவர் கட்டியது தொழிலாளர் குடியிருப்பு அல்ல, பனியன் குடோன்.

அருள்புரத்தில் மாமனார் விட்டுப்போன இடத்தை அண்ணனும் தம்பியும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பாதியில் லைன் வீடு கட்டினோம். கட்டிட அனுமதிக்கு அரசாங்கம் கேட்ட வளர்ச்சிக் கட்டணத்தை முழுசாகக் கட்டினோம். அதில் என் கழுத்துச் சங்கிலி போனது. மாடி எழும்பவில்லை, கம்பி மட்டும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கிறது.

அவர் பாதியில் மூன்று மாடி. பனியன் கம்பெனி ஆட்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவேன் என்று சொல்லிக் கட்டணத்தைத் தள்ளுபடி வாங்கிவிட்டார். தொழிலாளர் குடும்பங்களைத் தவிர வேறு எதற்கு விட்டாலும் சலுகை போய்விடும், தள்ளியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இந்த நிபந்தனையை அவரே எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்குப் பொறாமைதான். துணி காயப்போட மேலே ஏறினால் அவர் கட்டிடத்து டைல்ஸ் கண்ணை உறுத்தும். அங்கே வீட்டுக்கு ஒரு கழிப்பறை. என் லைன் வீட்டில் விடிந்தால் கழிப்பறைக்கு வரிசை. ஆனால் அந்த டைல்ஸ் அறைகளில் குடிவந்தவை அட்டைப்பெட்டிகள். கூரை வரை பனியன்.

ஆய்வுக்கு ஆள் வருகிற அன்று காலையில் பெட்டிகள் டெம்போவில் ஏறின. என் வீட்டில் குடியிருக்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவள், அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க கண்ணு, அடுப்போட?"

"பக்கத்துலதாங்க்கா. ஒங்க கொழுந்தன் மொதலாளிதான் இன்னைக்கு அங்க பொங்கச் சொல்லிருக்காக. ஆபீசர் கேட்டா அங்கதான் குடியிருக்கோம்னு சொல்லணுமாம். நல்லபடியா சொன்னா அந்த வீட்ட எனக்கே தாரேன்னிருக்காக."

அவள் பின்னால் மற்றவர்களும் பாய், பாத்திரம், டிவியோடு போனார்கள். என் லைனே காலி. மத்தியானம் அவள் வைத்த குழம்பு வாசம் சுவர் தாண்டி வந்தது. வந்த அதிகாரிகள் அடுப்பைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், போய்விட்டார்கள்.

சாயங்காலம் அடுப்போடு திரும்பி வந்தாள்.

"ஏன் கண்ணு, ஊடு குடுக்கலியா?"

"சாவிய வாங்கிட்டாகக்கா. பொறவு பாப்போம்னுட்டாக. எம் பிள்ளதான் வரமாட்டேன்னு கக்கூஸ் கதவப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு."

மறுநாளே பெட்டிகள் மாடி ஏறின. சுவரோரம் நின்று கொழுந்தனைக் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஊடு தாறேன்னீங்களாமா?"

சிரித்தார். "நங்கையாளுக்கு வயித்தெரிச்சலுங்க. மேல கம்பி துருப்புடிக்குதில்லீங்க, அதான்."

எரிகிறதுதான், கொழுந்தனாரே. என் வயிறு எரிவதால் உங்கள் குடோன் வீடாகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் ஊர்க்கூட்டம். அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காருவேன். வாங்கிய சலுகையைத் திருப்பிக் கட்டுகிறீர்களா, இல்லை அந்தச் சாவியை அவள் கையில் கொடுக்கிறீர்களா? சுவரோரம் சொன்ன பதில் வேண்டாம். ஊர் கேட்க, மைக் பிடித்துச் சொல்லுங்கள்.