என் மனைவி கேட்ட ரயில் வாசல்

எங்கள் ஊரில் தரைக்கு அடியில் ரயில் ஓடும் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஆனால் சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு திட்டம் பேச்சில் இருந்தது. அதற்கு வரைபடம் போட்டவன் நான்.

அரசாங்கம் ஒரு கம்பெனியிடம் ஆய்வு வேலையைக் கொடுத்திருந்தது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டு மாடியில் அவர்களுடைய ஆபீஸ். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேற்கே போகும் பாதை ஏற்கெனவே காகிதத்தில் முடிவாகியிருந்தது. அதையே வடக்கே முத்தியால்பேட்டை வரை நீட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. முத்தியால்பேட்டைத் தெருக்களில் ரயில் பாலத்துக்குத் தூண் நிறுத்த இடம் கிடையாது, அதனால் அந்தப் பகுதி மட்டும் சுரங்கம். நான் பிறந்ததும் கல்யாணம் கட்டிக்கொண்டு குடியிருப்பதும் முத்தியால்பேட்டைதான். இருபது வருடத்துக்கு மேலாக டிராஃப்ட்ஸ்மேன். யாரோ யோசிப்பார்கள், நான் கோடு போடுவேன். அதில் எனக்குக் குறை இருந்ததாக அதுவரை நினைத்ததில்லை.

அளவெடுக்கப் போன நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். படத்தில் முத்தியால்பேட்டை ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல், இரண்டுமே மெயின் ரோட்டுக்கு மேற்கே. அங்கேதான் அரசு நிலம் இருந்தது. ஆனால் காலையில் மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் எல்லாரும் கிழக்கே, கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றுகிற டெம்போக்காரர்கள் கூடையோடு ஏற்ற மாட்டார்கள். பாதிப் பேர் டவுன் வரைக்கும் நடந்தே போகிறார்கள். ரயிலுக்கு முதலில் ஆசைப்படப் போவது அவர்கள்தான், அவர்களுக்கோ வாசல் இல்லை. ஆபீஸுக்கு வந்து, படத்தில் கிழக்குப் பக்கம் பென்சிலால் சின்னதாக ஒரு கட்டம் போட்டேன். மறுநாள் தலைமைப் பொறியாளர் படத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர் வருவதற்கு முன்பே ரப்பரை எடுத்து அதை அழித்துவிட்டேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

தலைமைப் பொறியாளர் சென்னைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், பெண். ஜனங்களைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முத்தியால்பேட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில் கூட்டம் போட்டோம். சுவரில் என் வரைபடத்தை ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தோம். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்து, கருத்தை எழுதி என்னிடம் தரச் சொன்னார்கள்.

பத்தடி தோண்டினால் தண்ணீர் வருமே, ரயில் விடப்போகிறீர்களா படகு விடப்போகிறீர்களா என்று ஒரு தச்சர் கேட்டார். துணிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் கடை இடிபடுமா என்பதை மட்டும் மூன்று விதமாகக் கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர், எங்கள் ஊர் வழக்கில் சொல்தா, பாரீஸில் தன் மகள் வீட்டுக்குக் கீழேயே மெத்ரோ ஓடுவதைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

பிறகு என் மனைவி எழுந்தாள்.

அவள் கடற்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றில் அங்கன்வாடி நடத்துகிறாள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வருவாள் என்று தெரியும், பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

"மேடம், வாசல் ரெண்டையும் ரோட்டுக்கு அந்தாண்ட வச்சிருக்கீங்க. ரயில்ல போவணும்னு நெனைக்கிற பொம்பளைங்க இந்தாண்ட இருக்காங்க, கடல் பக்கம். கூடையைத் தூக்கிக்கிட்டு அந்த ரோட்டைத் தாண்டறது லேசு இல்ல. கெழக்கால ஒரு வாசல் வைங்க. கூடையோட நிக்கற மாதிரி லிஃப்ட் வைங்க. அப்பதான் அது எங்க ரயிலு."

பொறியாளர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். எங்கே என்று படத்தில் காட்டச் சொன்னார். என் மனைவிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. மணிக்கூண்டு எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அங்கிருந்து தெருக்களை விரலால் எண்ணிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள். நான் கட்டம் போட்டு அழித்த அதே இடம்.

"இத்தனை மாசமா இதை எனக்கு யாருமே சொல்லலியே" என்றார் பொறியாளர். அதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், கண்டிப்பாகப் படத்தில் சேர்த்துப் பார்க்கிறோம் என்றும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், கையில் சீட்டுக் கட்டோடு.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவள், நான் சரியாகப் பேசினேனா என்று கேட்டாள். வண்டிச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். மறுபடி கேட்டதற்கு, "ம்" என்றேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேஜையில், என்னுடைய பேனாவை வாங்கித்தான் அந்தச் சீட்டை எழுதினாள். எழுதி என் கையிலேயே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தெருவில் என்னை நிறுத்தி அவளைப் பாராட்டினார்கள். ஆபீஸில் பொறியாளர், அவங்க உங்க வீட்டம்மாவா, சொல்லவே இல்லையே என்று கேட்டுவிட்டு, அப்படி நாலு பேர் இருந்தால் போதும் என்றார். உள்ளூர்ப் பேப்பரில் படம் வந்தது. வரைபடத்தில் விரலை வைத்து அவள் நிற்கிறாள், ஓரத்தில் சீட்டுக் கட்டைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரிகிறது. அது என் கை. அந்தப் படத்தைக் கத்தரித்து அவள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினாள். துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. கதவைப் பாதிக்கு மேல் திறக்காமலேயே சட்டையை உருவப் பழகிக்கொண்டேன்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. சொல்தா சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே படத்தில் போட்டிருப்பேன். ராத்திரி சோறு போட்டுவிட்டு என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவள், ஒரு அளவும் எடுக்காமல், ஒரு கோடும் போடாமல், எழுந்து நின்று நாலு வரியில் பேரை வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் இருந்தது. அது எனக்கு வரவேண்டியது என்று எனக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. அவள் சிரித்தால் அலட்டுகிறாள் என்று தோன்றியது. சும்மா இருந்தால் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று தோன்றியது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் ஸ்டேஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "தெரியாத விஷயத்தைப் பேசாதே" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தேன். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். அதில் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சீட்டுகளைப் பிரித்துப் பட்டியல் போட்டு, அதன்படி படத்தைத் திருத்துவது என் பொறுப்பு. பொறியாளர் அந்த இரண்டு வாரம் சென்னையில் இருந்தார். தச்சரின் சீட்டு, பாயின் சீட்டு, எல்லாவற்றையும் ஏற்றினேன். அவளுடைய சீட்டு வந்ததும் அதை எடுத்து டிராயருக்குள் வைத்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்கவில்லை.

இரண்டாவது கூட்டம் அதே மண்டபத்தில். பொறியாளர் சென்னையிலிருந்து நேராக வந்து இறங்கினார். புதுப் படத்தைச் சுவரில் ஒட்டி முடிப்பதற்குள், முன் வரிசையிலிருந்த மீன்காரப் பெண் ஒருத்தி எழுந்து, டீச்சர் சொன்ன வாசல் எங்கே என்று கேட்டாள். பொறியாளர் படத்தைப் பார்த்தார், பட்டியலைப் புரட்டினார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தச் சீட்டு வரலை மேடம்" என்றேன்.

என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து இன்னொரு சீட்டு கேட்டு வாங்கி, அங்கேயே நின்றபடி மறுபடியும் எழுதினாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அதைப் பொறியாளரிடம் கொடுத்தாள்.

வீட்டுக்கு அவள் டெம்போவில் வந்தாள். வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சீட்டு எங்க?"

ஆபீஸ் டிராயரில் இருக்கிறது என்றேன். ஏன் என்று கேட்டாள். அப்போதுதான் பென்சில் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அந்த வாசல் எனக்கு முன்பே தோன்றியது, நானே போட்டு நானே அழித்தேன் என்று சொன்னேன். சொன்னால் அவளுக்கு என் மேல் இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலை."

"என்னைய மட்டும் யாருங்க கேட்டாங்க? நானாத்தான் எழுந்து நின்னேன். பயமாத்தான் இருந்துச்சு. நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னுதான் பேசினேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள். என் பைக்கில் ஏறவில்லை.

திங்கட்கிழமை டிராயரிலிருந்து சீட்டை எடுத்துப் பொறியாளரின் மேஜையில் வைத்து, வரவில்லை என்று நான் சொன்னது பொய் என்றேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, அவரும் கேட்கவில்லை. இனிமேல் சீட்டு வேலையை வேறு ஆள் பார்க்கட்டும் என்று மட்டும் சொன்னார். கிழக்கு வாசலை வரைய எனக்கு மூன்று நாள் ஆனது. படிக்கட்டு, லிஃப்ட், கூடை இறக்கி வைக்க ஒரு மேடை. நான் போட்ட படங்களில் அதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். அதை வரையும்போது மனசு சுத்தமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் ஒவ்வொரு கோட்டிலும், இது அவள் வாசல், அவள் வாசல் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

அறிக்கை தலைமைச் செயலகத்துக்குப் போனது. பின்னிணைப்பில் கருத்துச் சொன்ன குடியிருப்பாளர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பல மாதம் பதில் இல்லை. பிறகு திட்டத்தை இப்போதைக்கு எடுக்கப்போவதில்லை என்று தகவல் வந்தது, கம்பெனி ஆபீஸைக் காலி செய்தது. நான் இப்போது வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கிறேன்.

அவளை மட்டும் கூப்பிடுவது நிற்கவில்லை. பஸ் நிறுத்தம் மாற்றினாலும் டீச்சரைக் கேட்கிறார்கள், தெருவிளக்கு போட்டாலும் கேட்கிறார்கள். சில மாதத்தில் பைக்கில் ஏற ஆரம்பித்தாள். கொண்டுபோய் விடுவேன், வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அவள் குரலும் அதற்குப் பின்னால் கைதட்டலும் கேட்கும்போது டீ கசக்கும்.

போன மழைக்கு முன்னால் வாய்க்கால் வேலைக்காக ஒரு கூட்டம். இறங்கும்போது, தண்ணீர் ஓடுகிற வாட்டம் பார்க்கிறது உங்களுக்குத்தானே தெரியும், உள்ளே வாங்களேன் என்றாள். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி சொன்ன பக்கம் தண்ணீர் ஓடாது, தரை எதிர்ப்பக்கம் சரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்கு வந்தது. முன்னால் யாரோ திரும்பிப் பார்த்து, இது யார் என்று கேட்டார்கள்.

"டீச்சர் வூட்டுக்காரரு" என்றது இன்னொரு குரல்.

சுருக்கென்றுதான் இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாய்க்கால் எந்தத் தெருமுனையில் திரும்ப வேண்டும் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.