அம்மா கொடுத்த பூசைக் கருத்து

சுரூபாவுக்குத் தேசிய விருது கிடைக்கப்போகிறது என்ற பேச்சு மூன்று வாய் மாறித்தான் துபாயில் என் காதுக்கு வந்தது. என்னோடு அறையில் தங்கியிருந்த குருநாதனின் மச்சான் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் லைட் பிடிப்பவன். அவனிடம் யாரோ சொல்ல, அவன் போனில் குருநாதனிடம் சொல்லியிருக்கிறான்.

"எல்லா மொழிப் படமும் பாத்து முடிச்சிட்டாகளாம். கடைசியில ரெண்டே ரெண்டு நடிகைதான் நிக்கிறாகளாம். ஒண்ணு நம்ம சுரூபா."

அவள் எங்களுக்கு 'நம்ம' சுரூபா ஆனதற்குக் காரணம் உண்டு. விருதுக்குப் போன அந்தப் படத்தில் முகம் முழுக்க அவளுடையது. குரல், பாதிக்கு மேல் என் அக்கா பெல்சியுடையது.

அக்கா காரைக்குடியில் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. கல்யாணத்தைத் தட்டிக்கழித்துவிட்டு அம்மாவோடு இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பவள் அவள்தான். மைக் படுத்துவிட்ட நாளிலும் கடைசி பெஞ்சில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஆத்தங்குடிப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் படப்பிடிப்பு நடந்தபோது, வடக்கேயிருந்து வந்த சுரூபாவுக்கு நம் ஊர்ப் பேச்சைச் சொல்லிக்கொடுக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். சுரூபா பிடிவாதக்காரி. டப்பிங்கும் நானே பேசுவேன் என்று உட்கார்ந்தாள். பாதியில் தொண்டை கட்டி, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படம் வெளியாகும் தேதியோ குறித்தாயிற்று. டைரக்டர் அக்காவைச் சென்னைக்கு ரயிலேற்றி, மிச்சத்தைப் பேச வைத்தார். படத்தில் அவள் பெயர் போடவில்லை.

"வெளிய சொல்ல வேணாம் டீச்சர்" என்றாராம். அக்கா சொல்லவில்லை. ஆனால் காரைக்குடித் தியேட்டரில் இடைவேளைக்குப் பிறகு சுரூபா வாயைத் திறந்ததுமே பெண்கள் பக்கத்திலிருந்து, "அடியே, இது நம்ம பெல்சி டீச்சர்ல!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. அது ஊரோடு நின்றது. ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை யாரும் தனியாகப் பேசுவதில்லை.

லீவில் வந்த அன்றே குருநாதன் சொன்னதை அடுப்படியில் வைத்து அக்காவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தாள்.

"மெதுவாப் பேசுடா. அடுத்தவுக குரல்ல நடிச்சா அந்த விருது கெடையாது. டைரக்டரே சொன்னாரு."

அம்மா அருளம்மாள் அப்போது கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது. அக்கா சொன்னது விழவில்லை. எங்கள் வீட்டில் பரீட்சை, விசா, மூட்டுவலி எதுவானாலும் அம்மா முதலில் போகும் இடம் பங்குக் கோயில். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை செபஸ்தியானிடம், பூசையில் இன்னதுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பூசைக் கருத்து எழுதிக்கொடுத்துவிட்டு, எங்களிடம் மூச்சு விடாமல் இருந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசக மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் பூசை தொடங்குமுன் கருத்துகளை வாசித்தார். ஓர் இறந்த ஆன்மாவுக்காக. ஒரு சுகப்பிரசவத்துக்காக. அடுத்தது:

"நம் பெல்சி டீச்சர் குரல் கொடுத்த படத்தின் கதாநாயகிக்கு டெல்லி விருது கிடைக்க வேண்டி, அருளம்மாள்."

கோயிலே திரும்பிப் பார்த்தது. அக்கா முதல் வாசகத்தை வாசித்தாள். அன்றுதான் முதல்முறையாகக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கருப்பம்மாள் அத்தை பிடித்துக்கொண்டாள். "என்ன டீச்சர், டெல்லிக்கு எப்பப் போறீக? எங்களையெல்லாம் அங்குட்டுப் போனா மறந்துருவீகளே!"

அக்கா சிரித்து வைத்தாள். வேப்பமரத்தடியில் சகாய ஆண்டனி நின்றுகொண்டிருந்தான். மதுரை மாலைப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச்செய்தி அனுப்புகிறவன். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்ததை நான் பார்த்தேன். போய்த் தடுத்திருக்கலாம். என்ன சொல்லித் தடுப்பது?

மறுநாள் சாயங்காலமே பேப்பரில் வந்துவிட்டது: 'காரைக்குடி ஆசிரியை குரலுக்கு டெல்லி விருதா?'

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போது டைரக்டர் போன் செய்தார். அவர் குரல் ரிசீவரைத் தாண்டி எனக்கே கேட்டது. "டீச்சர், யாரோ பேப்பரை டெல்லிக்கு ஃபேக்ஸ் பண்ணிட்டாங்க. கமிட்டியிலேர்ந்து உங்களையே கூப்பிட்டுக் கேக்கப்போறாங்க, இன்னிக்கே. பேச்சுச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணு வாழ்க்கை உங்க கையில இருக்கு."

அக்கா "ம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்புடிச் செஞ்ச?"

"நான் ஆண்டவர்ட்டத்தானடி சொன்னேன். பேப்பர்காரன்ட்டயா சொன்னேன்?"

"ஆண்டவருக்குச் சொல்லுறதுக்கு எம்பேர எதுக்குப் போட்ட?"

"பேரு வெலாசம் இல்லாம எப்புடிக் கேக்குறது?"

நான் இடையில் புகுந்தேன். "அக்கா, இல்லன்னு சொல்லிரு. முடிஞ்சு போகும்."

"வாசகம் வாசிக்கிற வாயிடா இது."

"அப்ப ஆமான்னு சொல்லு."

அவள் போன் இருந்த முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அந்த இருட்டு டப்பிங் ரூம்புல மகன் செத்த சீனத் திரும்பத் திரும்பப் போட்டாக. சத்தமே இல்லாம அந்தப் புள்ள அழுகுறா. அவ முகத்தப் பாத்துத்தான் எனக்கு அழுக வந்துச்சு. நெசமா அழுதது அவடா. நான் சத்தம் மட்டுந்தான் குடுத்தேன். அதப் போயி நான் எப்புடிக் கெடுக்க?"

"கெடுக்கவும் மாட்டேங்குற, பொய்யும் சொல்ல மாட்டேங்குற. அப்ப என்னதான் செய்யப்போற?"

"அதத்தான்டா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அந்தப் போன் நான் துபாயிலிருந்து பேசுவதற்கென்று போன வருஷம் வாங்கிவைத்தது. வெளியூர் அழைப்பென்றால் மணி நீளமாக அடிக்கும்.

நீளமாக அடித்தது.

அம்மா ஜெபமாலையோடு எழுந்துவிட்டாள். "நான் எடுக்குறேன். எம்மகதான் பேசுனான்னு சொல்றேன். கேக்கட்டுமே டெல்லிக்காரன்!"

"அம்மா, அங்கிட்டு இரு."

அக்கா இத்தனை உரக்கப் பேசி வீட்டில் நான் கேட்டதில்லை. அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். அக்கா ரிசீவரின்மேல் கையை வைத்தாள். எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. பூசையில் வாசகத்துக்கு ஏறுமுன் முதல் வரியை அப்படித்தான் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஆமாவா, இல்லையா, என்ன வரி என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.