படகில் நான், ஓடைப்பட்டியில் மோட்டார்

2009ஆம் வருடம், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. விடிகாலை நாலே கால் மணிக்கு நானும் என் மனைவி செல்வராணியும் ஓடைப்பட்டியிலிருந்து கிளம்பினோம். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஆலப்புழையில் ஒரு படகுவீட்டை ஒருநாளைக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். வாடகை ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய், சாப்பாடு உட்பட. சாப்பாடு உட்பட என்றால் சாப்பாட்டில்தான் கை வைப்பார்கள் என்று அப்போதே சொன்னேன். "கெளம்பும்போதே ஆரம்பிக்காதீக" என்றாள் செல்வராணி.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். காய்கறிக் கடையில் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்க்கிற ஆள் நான். ஊரில் இதற்காக எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை.

அன்றைக்குச் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் விதையில்லாத் திராட்சை அறுப்புக்குப் பன்னிரண்டு நாள் பாக்கியோடு தொங்கியது. அந்தச் சமயத்தில் கொடிக்குத் தண்ணீரை அளந்துதான் காட்ட வேண்டும். ஒரு மணி நேரம் போதும். கூடிப்போனால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான். கிணறு எனக்கும் சித்தப்பா மகன் பாண்டிக்கும் பொது. ஆளுக்கொரு மோட்டார், ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. என் குழாய் அவன் வாழையைத் தாண்டித்தான் என் தோட்டத்துக்கு வருகிறது. வியாழன் என் முறை. நான் இறைக்காவிட்டால் அந்தத் தண்ணீர் அவன் வாழைக்குப் போய்விடும்.

"நீங்க போயிட்டு வாங்கண்ணே. நான் போட்டு ஒரு மணி நேரத்துல நிப்பாட்டிர்றேன்" என்று பாண்டி முந்தின நாளே வந்து சொன்னான். பாலுக்குப் பூனை காவலா என்று நினைத்துக்கொண்டேன். அவனை நம்பி இருக்கக் கூடாதென்றுதான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போட்டுச் செல்போன் ஸ்டார்ட்டரே வாங்கி மாட்டியிருந்தேன். எங்கிருந்து வேண்டுமானாலும் அதைக் கூப்பிடலாம். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், மூன்றை அழுத்தினால் நிற்கும். ஐந்து பேர் எண்களைப் பதியலாம் என்று சின்னமனூர்க் கடைக்காரர் சொன்னார். நான் என் எண்ணை மட்டும் பதிந்தேன். மோட்டார் ரூமை இரண்டு பூட்டுப் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

காலை 6.20. கம்பத்திலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் ஏறிக் குமுளி வந்தோம். அங்கிருந்து கோட்டயம் நூற்றுப்பத்துக் கிலோமீட்டர். டிக்கெட் ஆளுக்கு அறுபத்தோரு ரூபாய். குட்டிக்கானம் வரை தேயிலை, அதற்குக் கீழே ரப்பர். செல்வராணி சன்னல் பக்கம் வாய் திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் போனில் சிக்னல் கோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். மலையில் ஒரு கோடும் இல்லை.

காலை 11.00. கோட்டயம் பஸ் நிலையம். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் அந்த வாரம் பத்து மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகும். ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினேன். 'கீங்' என்று சத்தம் வந்தது. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என் மோட்டார் ஓடியது. அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமை சாதாரணமில்லை. பாண்டி முகத்தை நினைத்துச் சிரித்தே விட்டேன்.

ஆலப்புழை பஸ்ஸில் ஏறியதும் மகள் கூப்பிட்டாள். செல்வராணி போனை வாங்கி, ரப்பர் மரத்தில் சிரட்டை கட்டியிருப்பது முதல் பக்கத்து சீட்டு அம்மாவின் கம்மல் வரை எல்லாம் சொல்லி முடித்தாள். வெளிமாநிலத்தில் வருகிற அழைப்புக்கும் காசு பிடிப்பார்கள் என்பது எங்கள் இருவருக்கும் நினைவில்லை. பன்னிரண்டு மணிக்கு நான் ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டபோது, கணக்கில் போதுமான தொகை இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அதே பெண், அதே பதில்.

பகல் 12.30. ஆலப்புழை. இறங்கியதும் ஒரு கடையில் ரீசார்ஜ் கார்டு கேட்டேன். தமிழ்நாட்டு எண்ணுக்குக் கேரளக் கார்டு ஏறாது என்றார் கடைக்காரர். விற்கத் தெரியாத ஆள் என்று நினைத்து அடுத்த கடைக்குப் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டால் அது பதிலே சொல்லவில்லை. என் எண்ணுக்கு மட்டும்தானே அது கீழ்ப்படியும்? மகளைக் கூப்பிட்டு என் எண்ணுக்கு உடனே பணம் ஏற்றச் சொன்னேன். ஆபீஸ் விட்டு வெளியே போய்க் கடை தேட வேண்டும், அரை மணி ஆகும் என்றாள்.

"பாண்டிக்குப் பேசுங்க. பூட்ட ஒடச்சு நிப்பாட்டச் சொல்லுங்க" என்றாள் செல்வராணி.

"ஒருதடவ பூட்ட ஒடச்சவன் மறுதடவ சும்மா இருப்பானா?"

"அப்ப பழம் வெடிக்கட்டும்."

நான் பாண்டிக்குப் பேசவில்லை.

மதியம் 1.00. புன்னமடைத் துறையிலிருந்து படகு கிளம்பியது. மூங்கில் பாயும் கயிறும் வைத்துக் கட்டிய கூரை, ஒரு படுக்கையறை, முன்பக்கம் இரண்டு பிரம்பு நாற்காலி. ஓட்டுகிறவர் பெயர் சாபு. குமுளியில் பிறந்தவர் என்பதால் நம் தமிழ் வந்தது. பின்பக்கம் ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தார். மகள் பணம் ஏற்றியிருப்பாளா என்று போனை எடுத்தேன். அது 'டிங்' என்று ஒருமுறை அழுதுவிட்டு அணைந்துபோனது. சார்ஜரைச் சொருகினால் சுவரில் கரண்ட் இல்லை.

"ஜெனரேட்டர் ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் போடுவோம் சாரே. ஏசிக்கு மட்டும்" என்றார் சாபு.

"இதையெல்லாம் முன்னாடியே சொல்லணும்ல?"

"விளம்பரப் படத்துல பிளக் உண்டு. கரண்ட் உண்டுன்னு யாரும் பறஞ்சில்லல்லோ."

எஞ்சின் பேட்டரியில் மாட்டியிருந்த அவர் சார்ஜரின் ஊசி மெல்லியது, என் போனுக்குத் தடித்த ஊசி வேண்டும். நான் தவிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டி, "உங்க சிம்மை இதுல இடுங்க" என்றார்.

ஐந்து நிமிட வேலை. ஆனால் நான் யோசித்தேன். என் சிம் அந்நியன் போனுக்குள் போனால் அதில் இருப்பதெல்லாம் இவனிடம் ஒட்டிக்கொள்ளாதா? நாளை இவன் ஆலப்புழையில் இருந்துகொண்டு என் மோட்டாரைப் போட்டுவிட்டால்? கேரளாக்காரனுக்கு என் கிணற்றுத் தண்ணீரால் என்ன லாபம் என்றெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை. யோசித்தபடியே கரிமீன் பொரியல் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

கரை ஓரத்தில் ஒரு காட்சி. ஏரி போல விரிந்து கிடந்த காயலைவிடத் தாழ்வாக, ஆள் உயரத்துக்குக் கீழே, நெல்வயல். வரப்பில் பெரிய மோட்டார் ஒன்று வயலிலிருந்து தண்ணீரை எடுத்துக் காயலில் கொட்டிக்கொண்டிருந்தது. தண்ணீரை வெளியே தள்ள மோட்டார் ஓட்டும் விவசாயியை நான் அன்றுதான் பார்த்தேன். எத்தனை பேர் வயல் என்று கேட்டேன். எண்பது பேர் இருக்கும், மோட்டார் ஒன்றுதான் என்றார் சாபு. சாவி யாரிடம் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அத நான் கேட்டதில்ல" என்றார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று முணுமுணுத்த செல்வராணி, என் போனைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, சிம்மை எடுத்துத் தானே சாபுவிடம் கொடுத்தாள். அப்போது மணி 2.15.

சிம் ஏறியது, கோடு ஏறவில்லை. கரைக்குப் பக்கம் போனால் கிடைக்கும் என்று சாபு படகைத் திருப்பினார். ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்றுக்குள் புகுந்தோம். அடியில் விசிறியில் அது சுற்றிக்கொள்ள, எஞ்சின் இருமி நின்றது. சாபு அரிவாளோடு தண்ணீருக்குள் இறங்கினார். தலை மட்டும் வெளியே தெரிய, கொடி கொடியாக அறுத்து எறிந்தார். என் மோட்டாருக்காக ஒரு மனுஷன் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறான், இவனையா திருடன் என்று நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் 2.50. எஞ்சின் உயிர் பிடித்தது. கரையில் ஒரு சர்ச்சுக்கு நேரே வந்ததும் இரண்டு கோடு ஏறின. ஸ்டார்ட்டரைக் கூப்பிட்டு மூன்றை அழுத்தினேன். 'கீங்'. மோட்டார் நின்றது. ஒரு மணி நேரம் ஓட வேண்டியது மூன்று மணி ஐம்பது நிமிடம் ஓடியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பந்தல் முழுக்கப் பழம் பிளந்து ஈ மொய்ப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அதற்குள் போனில் தகவல்கள் வந்து விழுந்தன. ஒன்று, மகள் ஏற்றிய பணம். மற்றதெல்லாம் தவறிய அழைப்புகள், பாண்டியிடமிருந்து ஒன்பது.

"எதுக்கு இத்தன தடவ கூப்பிட்டான்? எதையோ மறைக்கிறான்" என்றேன். செல்வராணி அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மதினி, அண்ணன் போன் கெடைக்கவே மாட்டேங்குது. பன்னெண்டரைக்கு வந்து பாத்தேன், மோட்டார் நிக்கல. ப்யூஸ் கட்டையும் உள்ள இருக்கு. வேற வழியில்லாம பைப்ப ஆக்சா பிளேடு வச்சு அறுத்து, தண்ணிய எம் பக்கம் வாழைக்குத் திருப்பி விட்டுட்டேன். பழத்துக்குப் போகல."

"பூட்ட ஒடச்சிருக்கலாம்ல தம்பி?"

"ஒடச்சா அண்ணன் வேற மாதிரி நெனைப்பாக மதினி."

அவள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைப் பார்த்தாள். அன்று மாலை ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டினார்கள். காயலின் மேல் சூரியன் இறங்கியது ரொம்ப அழகாக இருந்ததாக செல்வராணி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

வெள்ளி காலை 9.00 மணிக்குப் படகை விட்டோம். சாபுவுக்கு நூறு ரூபாய் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாயங்காலம் லோயர் கேம்ப் இறக்கத்தில் மலையிலிருந்து மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபோது, அவ்வளவு தண்ணீர் கிடக்கும் ஊரிலிருந்து முறைத் தண்ணீர் ஊருக்கு வந்துவிட்டோம் என்று தோன்றியது.

சனிக்கிழமை, என் முறை. பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். ஓரத்து இரண்டு வரிசையில்தான் வெடிப்பு; மிச்சப் பழம் தப்பித்திருந்தது. வாழைக்குள் மூன்று நாளைக்குத் தாங்கும் ஈரம். பாண்டி முன்னமே வந்து, புதுக் கப்ளிங் வைத்து, சொல்யூஷன் தடவிக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தான். அறுத்த இடம் சரியாக அவன் எல்லைக்குள் இருந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"ஏன் இங்கன அறுத்த?"

"வேற எங்கன அறுக்க? அந்தப் பக்கம் அறுத்தா பழத்துக்குள்ளதான பாயும்."

உண்மைதான். ஒட்டியது நிற்கிறதா என்று பார்க்க மோட்டாரை இரண்டு நிமிடம் ஓட்ட வேண்டும். போன் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் கையை நீட்டவில்லை. சொல்யூஷன் பட்ட விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நீங்களே போங்கண்ணே. நான் இங்கன நின்னு பாத்துக்கிறேன்" என்றான்.

இரண்டு பூட்டையும் நானே திறந்து, நானே சுவிட்சைப் போட்டேன். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"ஒழுகலண்ணே."

மோட்டாரை நிறுத்திவிட்டு, ரூமைப் பூட்டாமல் வீட்டுக்கு நடந்தேன். அந்த இணைப்பைப் போய்ப் பார்க்கவில்லை.