மாமி அழுத ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில்தான் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குக் கேபிள் டிவி வந்தது. ஞாயிறு மத்தியானங்களில் ஓர் ஆங்கிலத் தொடர் போட்டார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய நாவல். தாய் தகப்பனில்லாத பெண் ஒருத்தி உறவுக்காரர் வீட்டில் வளர்ந்து ஆளாகிற கதை. கல்லூரியில் எனக்கு அது பாடம். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்க, நான் தமிழில் சொல்வேன்.

மூன்றாவது வாரமோ என்னவோ, அந்தப் பெண்ணைச் சமையற்கட்டில் தனியாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள், "சொல்லாதே, புரியறது," என்றாள் அம்மா. சற்றுக் கழித்து, "எனக்கும் இப்படித்தான் போடுவா. எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்."

அம்மா தன் மாமா வீட்டில் வளர்ந்தவள் என்பது எனக்குத் தெரியும். எப்படி வளர்ந்தாள் என்பதை அன்றுதான் முதல்முறையாகச் சொன்னாள்.

அடுத்த வாரம், அந்த மாமாவின் மனைவி அடையாறு வீட்டில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருப்பதாகத் தகவல் வந்தது. பார்க்கப் போனோம். மாமி கட்டிலில் சாய்ந்து அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கான்வென்டில் படித்தவள், யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொடரில் அந்தப் பெண்ணின் புத்தகத்தை உறவுக்காரர்கள் பிடுங்கி அடுப்பில் போட்டபோது மாமி அழுதேவிட்டாள்.

"தாயில்லாக் குழந்தையை என்ன பாடு படுத்தறா பாரேன். இப்படியும் மனுஷா இருப்பாளோடி?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா, மாமியின் காலுக்கடியில் நழுவிய தலையணையைச் சரிசெய்தாள்.

"இருக்கா மாமி," என்றாள்.

மாமி தலையாட்டிவிட்டு மறுபடி டிவி பக்கம் திரும்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "ஏம்மா சும்மா இருந்தே?" என்று பொரிந்தேன்.

"அவ நடிக்கலைடி. நிஜமாத்தான் அழுதா. அவளுக்கு அதெல்லாம் மனசுலயே இல்லை." பஸ் பாலத்தில் ஏறியது. "என்னிக்காவது வருத்தப்படுவான்னு நான்தான் அசடு மாதிரி காத்துண்டிருந்திருக்கேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

எனக்குக் கோபம் ஆற வெகுநாள் ஆயிற்று. கதை பார்க்கும்போது எல்லோருமே அநாதையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். மாமியும் உட்கார்ந்தாள், அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டுப் பிரிக்கும்வரை அம்மா அடையாறு போய் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகவில்லை. கடைசி வாரம்வரை தொடரை வீட்டில்தான் பார்த்தாள். அவள் மனம் நோகுமே என்று நான் ஏதாவது வசனத்தை விழுங்கினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள்.

"அவ இன்னும் ஏதோ சொன்னாளே, அதையும் சொல்லு."